விசாரணை அறைக்குள் வந்த மனநோய்: பொறுப்பு என்ற சொல்லின் சிறு வரலாறு

பல்கலைக்கழக ஒழுக்காற்று விசாரணைகள் பற்றி எங்கட நண்பர் வட்டங்களில் கதை வரும்போதெல்லாம், அது கடைசியில் இரண்டு வசனங்களில் ஒன்றில் போய் முட்டும். "அவனுக்கு மனநிலை சரியில்லையாம், பாவம், விடுங்கோ" என்பது ஒன்று. "இப்ப எல்லாரும் டிப்ரெஷன் எண்டுதான் சொல்லுறாங்கள், தப்புறதுக்கு நல்ல வழி" என்பது மற்றது. கேட்பதற்கு எதிரெதிராக இருந்தாலும் இரண்டும் ஒரே நம்பிக்கையில்தான் நிற்கின்றன. நோயும் பொறுப்பும் தராசின் இரண்டு தட்டுகள், ஒன்று ஏறினால் மற்றது இறங்கும் என்ற நம்பிக்கை அது.

இந்தத் தராசு எங்கேயிருந்து வந்தது? மருத்துவத்திலிருந்து வரவில்லை. கொலை வழக்கு ஒன்றிலிருந்து வந்தது. அது எப்படிப் பல்கலைக்கழகத்தின் விசாரணை அறை வரைக்கும் நடந்து வந்தது என்பதைத்தான் இங்கே கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கிறோம். பல இடங்களில் அமெரிக்க வழக்குகளைத்தான் பேச வேண்டியிருக்கிறது. ஒழுக்காற்று விசாரணையும் மனநோயும் நேருக்கு நேர் மோதிய வழக்குகள் அங்கேதான் நீதிமன்றம் வரைக்கும் போயின.

1843 ஜனவரி 20. இலண்டனில் டானியல் மக்நோட்டன் என்ற ஸ்கொட்லாந்து மரக்கடைசல் தொழிலாளி, எட்வேர்ட் டிரம்மண்ட் என்பவரைப் பின்னாலிருந்து சுட்டார். டிரம்மண்ட், பிரதமர் ரொபேர்ட் பீலின் அந்தரங்கச் செயலாளர். சுட்டவர் அவரைப் பீல் என்றே நினைத்திருந்தார் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படுவது. சில நாட்களில் டிரம்மண்ட் இறந்துபோனார். ஆளும் டோரிக் கட்சியினர் தன்னைப் பின்தொடர்கிறார்கள், தன்னை அழிக்கப் பார்க்கிறார்கள் என்று மக்நோட்டன் உறுதியாக நம்பியிருந்தார். மார்ச் மாதம் நடந்த விசாரணையில் மருத்துவர்கள் வரிசையாக வந்து அவருக்கு மனநோய் என்று சாட்சி சொன்னார்கள். ஜூரிகள் அவரைக் குற்றவாளி இல்லை என்றார்கள்.

நாடு கொதித்தது. விக்டோரியா மகாராணிக்கும் இந்தத் தீர்ப்புப் பிடிக்கவில்லை. பிரபுக்கள் சபை நீதிபதிகளைக் கூப்பிட்டு, பைத்தியம் என்றால் சட்டத்தில் என்ன அர்த்தம் என்று கேள்விகளைக் கேட்டது. அதற்குக் கிடைத்த பதில்கள்தான் இன்று வரைக்கும் 'மக்நோட்டன் விதிகள்' எனப்படுகின்றன. செய்த நேரத்தில், மனநோயின் காரணமாக, தான் செய்வது என்னவென்றே தெரியாமல் இருந்ததா? அல்லது தெரிந்தும், அது பிழை என்று தெரியாமல் இருந்ததா? இரண்டில் ஒன்றாவது நிரூபிக்கப்பட்டால் பொறுப்பு இல்லை. இல்லாவிட்டால் முழுப்பொறுப்பு. நடுவில் ஒன்றும் கிடையாது. தெரிந்திருந்தும் தன்னைக் கட்டுப்படுத்த ஏலாமல் போனவர், பாதி தெரிந்தவர், நேற்றுத் தெரியாமல் இன்று தெரிந்தவர் என்று மனிதர்கள் உண்மையில் இருக்கிற விதங்களுக்கு அந்த விதியில் இடமில்லை.

இந்தக் கதையில் பலரும் சொல்லாமல் விடுகிற பகுதி ஒன்று இருக்கிறது. 'விடுதலையான' மக்நோட்டன் ஒருநாளும் வெளியே வரவில்லை. பெத்லம் மனநோய் மருத்துவமனையில் அடைக்கப்பட்டார். 1864ல் புதிதாகத் திறந்திருந்த புரோட்மூருக்கு மாற்றப்பட்டார். அடுத்த வருடம் அங்கேயே இறந்தார். குற்றவாளி இல்லை என்று தீர்க்கப்பட்ட மனிதன் 22 வருடங்கள் பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்தான். பொறுப்பில்லை என்று சொன்ன அதே வாய், இனி உன்னைப் பற்றி நீ முடிவெடுக்க ஏலாது என்றும் சொன்னது. இதை ஞாபகத்தில் வைத்திருக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பின்னால் பல்கலைக்கழகங்களும் இதே கொடுக்கல் வாங்கலைத்தான் செய்தன.

பிரித்தானியர் அந்த விதியைத் தங்கள் காலனிகளுக்கும் கொண்டுபோனார்கள். 1860ன் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 84ஆம் பிரிவாக எழுதப்பட்டது, 1883ன் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் 77ஆம் பிரிவாக வந்தது. சித்த சுவாதீனம் இல்லாத ஒருவர், தன் செயலின் தன்மையையோ, அது பிழை அல்லது சட்டத்துக்கு முரண் என்பதையோ அறிய முடியாத நிலையில் செய்தது குற்றமாகாது என்கிறது அது. அதே சட்டக்கோவைதான் தற்கொலைக்கு முயன்று உயிர் தப்பியவரைக் குற்றவாளியாக்கியது. இலங்கையில் அந்த ஏற்பாடு 1998ல்தான் நீக்கப்பட்டது. ஒரு பக்கத்தில் மனநோய் குற்றத்தை இல்லாமலாக்குகிறது, இன்னொரு பக்கத்தில் மனத்தின் ஆகக்கூடிய வலியே குற்றமாகிறது. நூறு வருடத்துக்கு மேலாக இந்த இரண்டும் ஒரே புத்தகத்துக்குள் சண்டை போடாமல் இருந்திருக்கின்றன.

இனிப் பல்கலைக்கழகத்துக்கு வருவோம்.

இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அமெரிக்கக் கல்லூரி தன்னைப் பெற்றோரின் இடத்தில் வைத்துக்கொண்டது. 1911ல் பெரியா என்ற கல்லூரி, வெளியார் நடத்தும் சாப்பாட்டுக் கடைகளுக்குப் போகக்கூடாது என்று தன் மாணவர்களைத் தடுத்தது. கடைக்காரர் வழக்குப் போட்டார். தகப்பன் பிள்ளைக்குப் போடுகிற கட்டுப்பாட்டைக் கல்லூரியும் போடலாம் என்று கென்டக்கி நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1926ல் சிரகியூஸ் பல்கலைக்கழகம் ஒரு மாணவியை வெளியேற்றியது. அவர் 'சிரகியூஸ் பெண்ணுக்குரிய மாதிரி' இல்லை என்பதுதான் காரணம்! அதுவும் செல்லும் என்றார்கள். அப்படியான இடத்தில் ஒரு மாணவரின் மனநோயைப் பற்றி யாரும் வாதிடத் தேவையே இல்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போ என்றால் விஷயம் முடிந்தது. குற்றச்சாட்டும் இல்லை, பதில் சொல்ல இடமும் இல்லை.

இந்தக் கதவை உடைத்தவர்கள் கறுப்பின மாணவர்கள். 1960 பெப்ரவரியில் அலபாமா அரச கல்லூரி மாணவர்கள் சிலர், மொன்ட்கொமெரி நீதிமன்றக் கட்டிடத்திலிருந்த வெள்ளையருக்கான சிற்றுண்டிச்சாலையில் போய் உட்கார்ந்தார்கள். ஒன்பது பேர் எந்த விசாரணையும் இல்லாமல் கல்லூரியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். டிக்சன் எதிர் அலபாமா கல்விச்சபை என்ற வழக்கில் 1961ல் வந்த தீர்ப்பு, அரச கல்லூரி ஒன்று மாணவரை வெளியேற்ற முதல் குற்றச்சாட்டை அறிவித்து, அவர் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தரவேண்டும் என்றது. இன்று ஒழுக்காற்று விசாரணை என்று நாங்கள் அறிகிற வடிவத்தின் பெரும்பகுதி, குற்றப்பத்திரம், குழு, விளக்கம் கேட்டல் எல்லாம், இந்தப் போராட்டத்துக்குக் கடன்பட்டது. விசாரணை அறை மாணவர்களுக்கு எதிரான இடம் மட்டும்தான் என்று நினைக்கிற தோழர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். அந்த அறை இல்லாத காலம் இதைவிட மோசமாக இருந்தது.

ஆனால் அறை வந்தபோது நீதிமன்றத்தின் மொழியும் அதோடு சேர்ந்து வந்தது. நடத்தைக் கோவை, மீறல், தண்டனை. நோய்ப்பட்ட மாணவரைப் பற்றிப் பேசவும் நிர்வாகத்தின் கையில் இந்த மொழிதான் இருந்தது.

1969ல் பெர்க்லியில் நடந்த கொலை இந்தக் கதையின் போக்கையே மாற்றியது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த வங்காள மாணவர் ஒருவர், தன் காதலை ஏற்காத இளம்பெண் ஒருவரைக் கொல்லப்போவதாகப் பல்கலைக்கழக மருத்துவமனையின் உளவியலாளரிடம் சொன்னார். உளவியலாளர் வளாகப் பொலிசுக்கு அறிவித்தார். பொலிசார் அவரைப் பிடித்தார்கள், தெளிவாகக் கதைக்கிறார் என்று கண்டார்கள், அவளிடம் போகமாட்டேன் என்று வாக்கு வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்கள். ஒக்டோபரில் அவர் டட்டியானா டாரசொவைக் கொன்றார். அந்தப் பெண்ணுக்கோ குடும்பத்துக்கோ யாரும் ஒரு வார்த்தை எச்சரித்திருக்கவில்லை.

'தெளிவாகக் கதைக்கிறார்' என்பதைக் கவனியுங்கள். வளாகப் பொலிசார் சட்டப் புத்தகம் பார்த்திருக்கமாட்டார்கள். என்றாலும் அவர்கள் செய்தது 1843ன் சோதனையைத்தான். ஆளுக்குத் தான் செய்வது தெரிகிறது, ஆகவே பிரச்சினை இல்லை. கொலைகாரரின் வழக்கும் அதே தராசில்தான் ஏறியது. இரண்டாம் தரக் கொலைக் குற்றத்தீர்ப்பு, மனத்திறன் குறைவு பற்றி ஜூரிக்குச் சரியாக அறிவுறுத்தவில்லை என்று 1974ல் தள்ளுபடியானது. மறுவிசாரணை நடக்கவில்லை. அவர் இந்தியாவுக்குத் திரும்பிவிட்டார். பெண்ணின் பெற்றோர் போட்ட வழக்கில் 1976ல் கலிபோர்னியா உயர்நீதிமன்றம், இலக்கு வைக்கப்பட்டவரைக் காப்பதற்கு நியாயமான நடவடிக்கை எடுக்கும் கடமை சிகிச்சையாளருக்கு உண்டு என்றது. நோயாளிக்குப் பொறுப்பு உண்டா இல்லையா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்த சட்டம், அவரைத் தெரிந்திருந்த நிறுவனத்தின் பொறுப்பு என்ன என்று கேட்கத் தொடங்கிய இடம் இது.

நிறுவனங்கள் இந்தக் கேள்வியை எப்படி எடுத்துக்கொண்டன? பயத்தோடு. 2000ஆம் ஆண்டு எம்ஐரி மாணவி ஒருவர் இறந்ததும், அவருடைய நிலை தெரிந்திருந்தும் காப்பாற்றவில்லை என்று பெற்றோர் வழக்குப் போட்டார்கள். இப்படியான வழக்குகள் ஒன்றிரண்டு நீதிமன்றத்துக்குள் போனதும், பல நிர்வாகங்கள் கற்றுக்கொண்ட பாடம் பிழையான பாடமாகப் போய்விட்டது. மாணவர் இறந்தால் வழக்கு வரும், ஆகவே இறக்கக்கூடியவர் எங்கள் வளாகத்தில் இருக்கக்கூடாது.

2004 ஒக்டோபரில் வொஷிங்டன் நகரிலுள்ள ஜோர்ஜ் வொஷிங்டன் பல்கலைக்கழகத்தில் நடந்ததை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் வாசிக்கவேண்டும். இரண்டாம் வருட மாணவர் ஒருவர். அதே வருடத்தில் அவருடைய நெருங்கிய நண்பர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டிருந்தார். பல்கலைக்கழக உளவள ஆலோசனை நிலையத்துக்குப் போய்க்கொண்டிருந்தார், மருந்தும் எடுத்தார். ஒரு விடிய முன்னேரம், செத்துப்போகலாம் என்ற எண்ணம் கூடிவந்தபோது, எல்லோரும் செய்யச் சொல்கிற வேலையையே செய்தார். தானாகவே மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தார். யாரையும் அடிக்கவில்லை, ஒன்றையும் உடைக்கவில்லை, தனக்கும் காயம் ஏற்படுத்தவில்லை.

ஒரு நாள் கழியும் முன்பே கடிதங்கள் வந்தன. விடுதிக்குத் திரும்ப முடியாது என்றது ஒன்று. மற்றது, 'ஆபத்து விளைவிக்கும் நடத்தை' என்ற ஒழுக்க விதியை மீறியதாகக் குற்றம் சாட்டியது. உடனடி வகுப்புத்தடை. வளாகத்துக்குள் காலெடுத்து வைத்தால் அத்துமீறி நுழைந்ததாகக் கைதாகலாம். விசாரணைக்கு முகம் கொடுக்கலாம், அல்லது தானாக விலகலாம். அவர் விலகிப்போய் வேறொரு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 2005ல் வழக்குப் போட்டார். தான் சிகிச்சைக்காகச் சொன்னவை நிர்வாகத்தின் கைக்குப் போய்விட்டன என்பதும் அவருடைய முறைப்பாடுகளில் ஒன்று. 2006ல் இரண்டு தரப்பும் சமரசமாக முடித்துக்கொண்டன.

உயிரைக் காப்பாற்றத்தான் செய்தோம் என்று ஒரு நிர்வாகம் சொன்னால், அதில் உண்மையே இல்லை என்று நாங்கள் சொல்லவரவில்லை. விடுதி அறையில் ஒரு பிள்ளை தனியாக இருப்பதை நினைத்து ஒரு பீடாதிபதிக்கு நித்திரை வராமல் இருந்திருக்கலாம். எங்கள் கேள்வி வேறு. கவலைப்பட்டவர் ஏன் குற்றப்பத்திரம் எழுதினார்? மருத்துவ விடுமுறை என்ற ஒரு சொல் இருக்கிறதே. ஒழுக்கக் கோவையில் 'மீறல்' என்று எழுதிய கணத்தில் அந்த மாணவர் நோயாளியாக இருந்தது போய்க் குற்றவாளியாகிவிட்டார். எங்கள் தண்டனைச் சட்டக்கோவை நூறு வருடமாகச் செய்ததையே இந்தக் கடிதமும் செய்தது. வலியைக் குற்றமாக்கியது.

இதன் விளைவு அந்த ஒருவரோடு நிற்காது. இலங்கையில் 1926 என்ற உளநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள் என்று நாங்கள் எல்லோரும் பகிர்கிறோம். அழைத்தவருக்கு அடுத்த நாள் வகுப்புத்தடைக் கடிதம் வரும் என்று அறைத்தோழர்கள் கண்டால், அந்த விடுதியில் பிறகு யார் அழைப்பார்கள்?

அமெரிக்காவில் கொஞ்சம் மாற்றம் வந்தது. மாற்றத்துக்கான சட்டம் உண்மையில் ஏற்கெனவே இருந்தது: இயலாமையின் பெயரால் பாகுபாடு காட்டக்கூடாது என்ற 1973ன் 504ஆம் பிரிவு. அதை நடைமுறைப்படுத்த வைப்பதற்கே 1977ல் இயலாமையுள்ளவர்கள் சான்பிரான்சிஸ்கோவில் அரச கட்டிடமொன்றை மூன்று வாரத்துக்கு மேல் பிடித்து வைத்திருக்க வேண்டிவந்தது. (இந்த வரலாற்றில் எந்தக் கதவும் தானாகத் திறக்கவில்லை.) 2010ல் வந்த நீதித்துறை ஒழுங்குவிதிகள், அரச நிறுவனங்கள் 'நேரடி ஆபத்து' என்று சொல்லி ஒருவரை ஒதுக்குவதானால், அது மற்றவர்களுக்கான ஆபத்தாக இருக்கவேண்டும் என்று வரையறுத்தன. 2022ல் யேல் மாணவர்கள், உளநலம் குன்றியவர்களைப் பல்கலைக்கழகம் விலகும்படி நெருக்குகிறது என்று வழக்குப் போட்டார்கள். அடுத்த வருடம் சமரசம் வந்தது. விலகல் என்பது விடுமுறை ஆனது, பகுதிநேரமாகப் படிக்கவும் வழி பிறந்தது.

இவ்வளவும் நோய்ப்பட்டதற்காகத் தண்டிக்கப்பட்டவர்களின் கதை. நோயுள்ளவர் உண்மையிலேயே பிழை செய்தால் என்ன?

2012ல் வேக் ஃபொரஸ்ட் மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவரின் வழக்கில் மேன்முறையீட்டு நீதிமன்றம் இதற்குப் பதில் சொன்னது. அவருக்குக் கவனக்குறைவுக் கோளாறும் பதகளிப்பும் இருந்தன, அவை உண்மையான நோய்கள். ஆனால் வருடக்கணக்காக ஊழியர்களை அவமதித்துப் பேசினார், பிந்தி வந்தார், வராமல் விட்டார். வெளியேற்றும் நிலை வந்த பிறகுதான் இவையெல்லாம் நோயின் விளைவு, சிகிச்சை எடுக்கிறேன், இன்னொரு வாய்ப்புத் தாருங்கள் என்றார். நடந்த பிழையை நோயைக் காரணம் காட்டிப் பின்னோக்கி அழிக்கும்படி சட்டம் கேட்கவில்லை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. முன்கூட்டிக் கேட்டிருந்தால் உதவி செய்யும் கடமை கல்லூரிக்கு இருந்திருக்கும். வெறும் தீர்ப்பாகப் பார்த்தால் கடுமைதான். நோயே ஒருவரை உதவி கேட்க விடாமல் தடுக்கும் என்பதை அது போதுமான அளவு யோசிக்கவில்லை என்பது எங்கள் அபிப்பிராயம். ஆனால் அந்த ஊழியர்களின் இடத்தில் நின்று பார்த்தால் வேறு விதமாகத் தெரிகிறது.

எங்கள் வளாகங்களுக்கு இந்தக் கேள்வி பகிடிவதை என்ற பெயரில்தான் வருகிறது. 1998ன் பகிடிவதைத் தடைச் சட்டம், மாணவருக்கோ ஊழியருக்கோ உடற்காயம் மட்டுமல்ல, உளக்காயத்தையும் மனவேதனையையும் பயத்தையும் ஏற்படுத்தும் செயலையும் பகிடிவதை என்றே வரையறுக்கிறது. தண்டனை இரண்டு வருடம் வரை கடூழியச் சிறை. பாலியல் துன்புறுத்தலோ கடுங்காயமோ என்றால் பத்து வருடம் வரை. ஆகவே எங்கள் விசாரணை அறையில் மனநோய் மேசையின் இரண்டு பக்கமும் இருக்கமுடியும். குற்றம் சாட்டப்பட்ட சிரேஷ்ட மாணவர் விசாரணை தொடங்கியதும் ஒரு மருத்துவச் சான்றிதழைக் கொண்டு வரலாம். எதிரே இருக்கிற முதலாம் வருடப் பிள்ளை அந்தச் சம்பவத்தாலேயே நித்திரை கெட்டு, பரீட்சை விட்டு, மருந்து எடுத்துக்கொண்டிருக்கலாம்.

தராசுக்காரர்கள் இங்கே என்ன செய்வார்கள்? சான்றிதழ் வந்தால் அவனுக்குப் பொறுப்பில்லை என்பார்கள். அதே தராசை மற்றப் பக்கம் திருப்பினால், மருந்து எடுக்கிற பிள்ளையின் வாக்குமூலத்துக்கும் பெறுமதியில்லை. "அது கொஞ்சம் விசர், அது சொல்லுறதை நம்பாதேங்கோ" என்ற வசனத்தை எங்கள் ஊரில் கேட்காதவர் யார்? மனநோய் வந்தால் பொறுப்புப் போய்விடும் என்று ஒத்துக்கொண்டால், நம்பகத்தன்மையும் அதோடு சேர்ந்தே போய்விடுகிறது. மக்நோட்டன் கொடுத்த விலை இதுதான். அதனால்தான் இரக்கத்தில் சொல்லப்படுகிற "பாவம், விடுங்கோ" எங்களுக்கு உவப்பாயில்லை. மனநோயோடு வாழுகிற பெரும்பாலானவர்கள் வாக்குக் கொடுக்கிறார்கள், காப்பாற்றுகிறார்கள், சில நேரம் மீறுகிறார்கள், மன்னிப்புக் கேட்கிறார்கள். அவர்களிடமிருந்து பொறுப்பை எடுத்துவிடுவது உதவி அல்ல.

விசாரணைக் குழு இரண்டு கேள்விகளைப் பிரித்துக் கேட்டாலே பாதிச் சிக்கல் தீரும். நடந்ததா, செய்தவர் இவரா என்பது ஒன்று. அதற்கு மருத்துவச் சான்றிதழ் பதில் சொல்லாது. பாதிக்கப்பட்டவருக்கு அந்தப் பதில் கட்டாயம் கிடைக்கவேண்டும். இனி என்ன செய்வது என்பது மற்றது. அங்கே நோய் பேசலாம், பேசவும் வேண்டும். தடைக்காலம் எவ்வளவு, சிகிச்சையோடு திரும்பி வரலாமா, அதே விடுதிக்கா வேறு விடுதிக்கா. நீதிமன்றத்துக்குக் கிடைக்காத நடுப்பாதைகள் பல்கலைக்கழகத்துக்குக் கிடைக்கின்றன. யாரையும் சிறைக்கு அனுப்பும் வேலை அதற்கு இல்லையே. மீறலே இல்லாத நோய் என்றால், அது இந்த அறைக்கு வரவே தேவையில்லை. அது போகவேண்டிய கதவு மருத்துவருடையது.

இலங்கையின் 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டம், உடலோ உளமோ சார்ந்த இயலாமை உள்ளவர்கள் கல்வி நிறுவனங்களுக்கு அனுமதி பெறுவதில் பாகுபாடு காட்டக்கூடாது என்கிறது. 'அனுமதி' என்பதுதான் அங்கே சொல். உள்ளே வந்தபின் நோய்ப்பட்டவரை எப்படி வைத்திருப்பது என்பதை அந்தப் பிரிவு சொல்லவில்லை. முதலாம் வருடத்தில் தந்து, பெரும்பாலும் வாசிக்காமல் அலுமாரிக்குள் போட்ட மாணவர் கைநூல் உங்களிடம் இருந்தால் ஒருக்கா எடுத்துப் பாருங்கள். மனநலம் என்ற சொல் அதில் எந்தப் பக்கத்தில் வருகிறது? சுகாதார நிலையத்தின் பக்கத்திலா, ஒழுக்க விதிகளின் பக்கத்திலா?